முழங்கால் தேய்வும் உடம்பின் துருவும்

சுகாதாரப் பாடம்



மன்னார்க் கரையோரத்துத் தென்னந்தோட்டங்களில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் "என்ன வருத்தம்?" என்று கேட்டால் முதலில் வருவது பெரும்பாலும் முழங்கால் கதைதான். "விடிய எழும்பேக்க கால் மடங்காது", "குந்தினா எழும்ப ஏலாது", "படி இறங்கேக்க உயிர் போகுது" என்பார்கள். பேசாலையில் மீன் வெட்டும் பெண்களும், முருங்கன் பக்கம் நாற்று நடுகிறவர்களும், மலையகத்தில் கொழுந்துக் கூடை சுமப்பவர்களும் சொல்வது இதையேதான்.

அண்மைக் காலமாக இந்தக் கதையோடு இன்னொரு கதையும் சேர்ந்து வருகிறது. "இது தேய்வு மட்டும் இல்லையாம். உடம்புக்குள்ள துரு பிடிக்குதாம். அதுக்கு ஒரு இரத்தச் சோதனை இருக்காம். சோதனை செய்துபோட்டு ஒரு மா கரைச்சுக் குடிச்சா மூட்டுத் திரும்ப முளைக்குமாம்" என்கிறார்கள். இதில் ஒரு பகுதி உண்மை, மற்றப் பகுதி வியாபாரம். இரண்டையும் பிரித்து அறியாவிட்டால் நமது சம்பளக் காசு போவதோடு முழங்காலும் போய்விடும். ஆகவே இந்த மாதப் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டோம்.

இப்பாடத்தில் நாம் அறிந்துகொள்வது:

1. மூட்டு எப்படி வேலை செய்கிறது, ஏன் தேய்கிறது
2. 'உடம்பின் துரு' என்று சொல்லப்படுவது என்ன
3. அதை இரத்தத்தில் எப்படி அளக்கிறார்கள், அந்த அளவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது
4. முழங்காலைக் காப்பாற்ற நாம் செய்யக் கூடியவை

மூட்டு எப்படி வேலை செய்கிறது?

முழங்காலில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கின்றன. எலும்பும் எலும்பும் உராயாமல் இருக்க, இரண்டின் முனையிலும் குருத்தென்பு என்ற வழுவழுப்பான படை இருக்கிறது. இளநீருக்குள் இருக்கும் இளம் வழுக்கையை நினைத்துப் பாருங்கள். அதைவிடக் கடினமானது, ஆனால் அதே மாதிரி ஈரமும் வழுக்கலும் உள்ளது. அதன் நிறையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்தான். இரண்டுக்கும் இடையில் முட்டை வெள்ளைக்கரு போன்ற ஒரு மூட்டு நீர் இருக்கிறது. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் எப்படியோ, மூட்டுக்கு இந்த நீர் அப்படி.

குருத்தென்புக்கு ஒரு பலவீனம் உண்டு. அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் வந்து, காயம் ஆறி, புதுத் தோல் வளரும். குருத்தென்புக்கு அந்த வசதி இல்லை. நடக்கும்போதும் நீட்டி மடக்கும்போதும் அது பஞ்சைப் போல அமுங்கி விரிந்து, மூட்டு நீரில் இருந்தே தனக்கு வேண்டிய உணவை உறிஞ்சுகிறது. அதனுள்ளே இருக்கும் கலங்களும் மிகச் சில. ஆகவே பழுதடைவது லேசு, திருந்துவது கஷ்டம். ஒரேயடியாகப் படுத்திருந்தால் முழங்கால் ஏன் இன்னும் மோசமாகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். அசையாத மூட்டுக்குச் சாப்பாடு இல்லை.

இந்தக் குருத்தென்பு மெலிந்து, எலும்பு ஓரங்களில் முள் மாதிரி வளர்ந்து, மூட்டைச் சுற்றி வீக்கமும் நோவும் வருவதையே மூட்டுத் தேய்வு என்கிறோம். டாக்டர்மார் இதை 'ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 52 கோடி 80 இலட்சம் பேருக்கு இந்த வருத்தம் இருந்தது. அவர்களில் நூற்றுக்கு 60 பேர் பெண்கள். அதிகம் தாக்கப்படுவது முழங்கால். ஆகவே இது "எனக்கு மட்டும் வந்த சாபம்" அல்ல.

உடம்பின் துரு என்பது என்ன?

நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசன் இல்லாமல் உயிர் இல்லை. அதே ஒட்சிசன்தான் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. மன்னார்க் கடற்காற்றில் ஒரு சைக்கிளை வெளியில் விட்டுப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உடம்பின் கலங்கள் சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கும்போது, அடுப்பில் இருந்து பொறி பறப்பதைப் போல, சில ஒட்சிசன் பொறிகள் தெறிக்கின்றன. விஞ்ஞானிகள் இவற்றைச் 'சுயாதீன மூலிகங்கள்' என்கிறார்கள். அளவோடு இருந்தால் இவற்றால் நன்மையும் உண்டு. கிருமியைக் கொல்ல உடம்பே இவற்றைப் பாவிக்கிறது. அளவு மீறினால்தான் பக்கத்தில் உள்ள கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் சுடத் தொடங்கும்.

பொறியை அணைக்கவும் உடம்பில் ஆள் இருக்கிறது. சில நொதியங்களும், விற்றமின் சி, விற்றமின் ஈ போன்ற சத்துக்களும் அந்த வேலையைச் செய்கின்றன. பொறி கூடி, அணைக்கிறவர்கள் போதாமல் போகும் நிலைதான் 'ஒட்சியேற்ற நெருக்கடி'. இந்தக் கருத்துக்கு அந்தப் பெயரை 1985ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் சீஸ் என்ற விஞ்ஞானி கொடுத்தார்.

முழங்காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மூட்டின் மேல் அளவுக்கு மீறிய பாரம் திரும்பத் திரும்ப விழும்போது குருத்தென்புக் கலங்கள் கூடுதலான பொறிகளை வெளிவிடுகின்றன. அந்தப் பொறிகள் கலங்களைத் தாக்குகின்றன, குருத்தென்பை அரிக்கும் நொதியங்களைத் தூண்டுகின்றன, மூட்டு நீரையும் கெடுக்கின்றன. 1974ஆம் ஆண்டு மக்கோர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி மாட்டின் மூட்டு நீரை எடுத்து இந்தப் பொறிகள் படும்படி வைத்தார். கொழகொழப்பாக இருந்த நீர் தண்ணியாகிப் போனது. பொறியை அணைக்கும் நொதியத்தைச் சேர்த்தபோது கொழகொழப்பு காப்பாற்றப்பட்டது. ஆகவே 'துரு' என்ற கதை வெறும் புளுகு அல்ல. மூட்டுக்குள் நடக்கும் ஒரு உண்மையான காரியம்.

இதை எப்படி அளக்கிறார்கள்?

பொறியைப் பிடித்து எண்ண முடியாது. கண் மூடித் திறப்பதற்குள் அது மறைந்துவிடும். ஆகவே அது விட்டுப்போன தடயத்தையும், அதை அணைக்க வந்தவர்களையும் அளக்கிறார்கள். இவைதான் ஆய்வுகளில் வரும் 'குறிகாட்டிகள்'. முக்கியமானவை நான்கு.

முதலாவது, மலோண்டைஅல்டிகைட்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சூடை மீன் கருவாடு நாள்பட்டால் மஞ்சள் பூத்து ஒரு காறல் மணம் வருமல்லவா? மீனின் கொழுப்பு ஒட்சிசனால் கெட்டுப்போவதன் விளைவு அது. அப்படிக் கொழுப்புக் கெடும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்றுதான் இது. நமது கலங்களின் கொழுப்புக் கெட்டாலும் இதே பொருள் இரத்தத்தில் சேரும். மீனும் இறைச்சியும் எவ்வளவு காறிப்போயிற்று என்று பார்க்கும் ஒரு சோதனை ஆய்வுகூடங்களில் உண்டு. ஒரு அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் கடுமையானால் கேடு கூட. இரத்தத்துக்கும் அதே சோதனையைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது, சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியம். 1969ஆம் ஆண்டில் மக்கோர்ட்டும் அவருடைய ஆசிரியர் ஃபிரிடோவிச்சும் இதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். முதல் பொறியை அணைத்து, அதை ஐதரசன் பேரொட்சைட்டாக மாற்றுவது இதன் வேலை.

மூன்றாவது, கற்றலேஸ், குளூற்றாதயோன் பேரொட்சிடேஸ் ஆகிய நொதியங்கள். முன்னது கொடுத்த பேரொட்சைட்டை இவை வாங்கித் தண்ணீராக்கி முடிக்கின்றன. ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் பேரொட்சைட்டு ஊற்றினால் வெள்ளையாக நுரைப்பதைக் கண்டிருப்பீர்கள். நமது இரத்தத்திலும் தசையிலும் உள்ள கற்றலேஸ் செய்யும் வேலை அது.

நான்காவது, குளூற்றாதயோன், விற்றமின் சி, விற்றமின் ஈ ஆகியவற்றின் அளவு. இவை பொறியை அணைக்கும்போது தாமே செலவாகிவிடும். அளவு குறைந்திருந்தால் உள்ளே சண்டை நடக்கிறது என்று ஊகிக்கலாம்.

ஆய்வுகள் என்ன கண்டன?

2007ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் மூட்டுத் தேய்வு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வெளிவந்தது. தேய்வு உள்ளவர்களின் இரத்தத்தில் மலோண்டைஅல்டிகைட்டு கூடியிருந்தது. குளூற்றாதயோன், விற்றமின் சி, விற்றமின் ஈ, கற்றலேஸ் ஆகியவை குறைந்திருந்தன. சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேஸ் கூடியிருந்தது. 'எதிரி கூடியதால் காவலும் கூடியது' என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் அறுவைச் சிகிச்சையில் எடுத்த தேய்ந்த குருத்தென்பையே நேரில் சோதித்த வேறு ஆய்வுகளில் அதே நொதியம் குறைந்திருக்கக் கண்டார்கள். ஒரே நொதியம் இரத்தத்தில் கூடுகிறது, மூட்டுக்குள் குறைகிறது! இரத்தம் என்பது உடம்பு முழுவதற்கும் பொதுவான ஆறு. அதில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிப் பார்த்து, எந்த வாய்க்காலில் சேறு என்று சொல்ல ஏலாது.

அந்தச் சோதனை நமக்கு ஏன் தேவையில்லை?

இந்தக் குறிகாட்டிகள் மூட்டுத் தேய்வால் மட்டும் மாறுவதில்லை. சுருட்டு, பீடி, சிகரெட் குடித்தால் மாறும். சீனி வருத்தம், அதிக நிறை, காய்ச்சல், வயது எல்லாம் இவற்றை மாற்றும். முதல் நாள் கடும் வேலை செய்திருந்தாலும் மாறலாம். எடுத்த இரத்தத்தைக் குளிரில் வைக்காமல் வெயிலில் கொண்டுபோனால் போத்தலுக்குள்ளேயே அளவு மாறிவிடும். சீனிக்கு 'இதற்கு மேல் போனால் வருத்தம்' என்று ஒரு கணக்கு இருப்பதைப் போல, இவற்றுக்கு மூட்டுத் தேய்வைத் தீர்மானிக்கும் ஒரு கணக்கு இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தச் சோதனையின் முடிவு கூட வந்தாலும் குறைய வந்தாலும் டாக்டர் சொல்லப்போகும் வைத்தியம் ஒன்றுதான். வைத்தியத்தை மாற்றாத சோதனைக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? குறிகாட்டிகள் ஆராய்ச்சியாளருக்கு வேண்டியவை. நாளைக்கு நல்ல மருந்து ஒன்று கண்டுபிடிக்க அவை உதவலாம். இன்றைக்கு உங்கள் முழங்காலைப் பார்க்க டாக்டருக்கு வேண்டியது, நீங்கள் சொல்லும் கதை, கையால் செய்யும் பரிசோதனை, தேவைப்பட்டால் ஒரு எக்ஸ்ரே. கெல்கிரன், லோரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்த 0 முதல் 4 வரையான எக்ஸ்ரேப் படிநிலையே இன்றும் பாவிக்கப்படுகிறது. அரச வைத்தியசாலையில் இவற்றுக்குக் காசு இல்லை.

டின் மாவும் விற்றமின் குளிசையும்

சோதனைக்குப் பின்னால் வருவதுதான் டின். எமது தோட்டத்தில் கிடுகு பின்னும் அக்கா ஒருவர் காதுத்தோட்டை அடகு வைத்து இப்படியான டின் மூன்று வாங்கினார். வீட்டுக்கு வந்து விற்றவர்கள், துருவை எடுக்கும் என்று சொல்லிக் கொடுத்தது. நான் விசாரித்தபோது, "ஐயா, முதல் டின்னுக்கு நோ குறைஞ்ச மாதிரித்தான் இருந்துது. பிறகு காசு முடிஞ்சுது, நோ முடியேல்ல" என்றார்.

அவர் சொன்னது பொய் அல்ல. மூட்டுத் தேய்வு நோ அலை மாதிரி. சில கிழமை கூடும், சில கிழமை தானாகவே குறையும். கூடியிருக்கும் நேரத்தில்தான் நாம் மருந்து தேடுவோம். பிறகு அது தானாகக் குறையும்போது, கையில் எது இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். இதனால்தான் விஞ்ஞானிகள் ஒரு கூட்டத்துக்கு மருந்தையும் இன்னொரு கூட்டத்துக்கு அதே தோற்றமுள்ள வெறும் குளிசையையும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிட்டபோது கண்டவை இவை:

விற்றமின் ஈ: அவுஸ்திரேலியாவில் முழங்கால் தேய்வு உள்ள 136 பேரிடம் இரண்டு வருடம் பரிசோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். குருத்தென்பு தேய்வது குறையவில்லை.

விற்றமின் சி: 1996இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சாப்பாட்டில் விற்றமின் சி கூடுதலாக எடுத்தவர்களுக்குத் தேய்வு முற்றுவது குறைவாக இருந்தது. ஆனால் 2004இல் கினிப் பன்றிகளுக்கு நீண்டகாலம் மிக அதிகமாகக் கொடுத்துப் பார்த்தபோது தேய்வு கூடியது. சாப்பாட்டில் உள்ளது நல்லது, அள்ளிக் கொட்டுவது நல்லதல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

குளூக்கோசமின்: அமெரிக்காவில் 1,583 பேரிடம் நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 2006இல் வந்தது. மொத்தத்தில் வெறும் குளிசையைவிட அது மேலாக இருக்கவில்லை.

ஊசி: பொறியை அணைக்கும் அந்த நொதியத்தையே மாட்டில் இருந்து எடுத்து, 'ஓர்கோட்டீன்' என்ற பெயரில் முழங்காலுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 1970களிலும் 1980களிலும் ஐரோப்பாவில் இது நடந்தது. சிலருக்கு நோ குறைந்தது. ஆனால் ஒவ்வாமை வந்ததால் அது கைவிடப்பட்டது.

துரு உண்மையாக இருந்தும் துரு எடுக்கும் மருந்து ஏன் சரிவரவில்லை? குருத்தென்புக்குள் இரத்தம் போவதில்லை என்று முன்னர் பார்த்தோம். வாயால் போட்டது அங்கே போதிய அளவில் போய்ச் சேருவது கடினம். அதோடு, பொறி பறப்பதற்குக் காரணமான பாரத்தைக் குறைக்காமல் பொறியை மட்டும் அணைத்துக்கொண்டிருப்பது, ஓட்டைத் தோணியில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைப்பதைப் போன்றது.

எமது கடலில் உள்ள பாசி

மன்னார் வளைகுடாக் கடற்பாசியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. மன்னார் வளைகுடாவில் எடுத்த பழுப்புப் பாசி இனங்களில் பொறியை அணைக்கும் தன்மை இருப்பதை 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. கொச்சியிலுள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் செய்த ஆய்வு அது. அதே நிறுவனம் கடற்பாசியில் இருந்து மூட்டு நோவுக்கான குளிசை ஒன்றையும் தயாரித்து, 'கடல்மின்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது.

இதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் 2013ஆம் ஆண்டு ஆய்வு கண்ணாடிக் குழாயில் செய்யப்பட்டது. குழாயில் பொறியை அணைக்கும் பொருள் தேயிலையிலும் உண்டு, முருங்கையிலும் உண்டு. முழங்காலில் அது வேலை செய்கிறதா என்பது பல மனிதரிடம், பல காலம் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆகவே "மன்னார்ப் பாசி" என்று எழுதி யாராவது எதையாவது கொண்டுவந்தால், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் காட்டினாலும் கிளினிக் டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

பாரம்தான் முதல் எதிரி

மூட்டுத் தேய்வுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு பழைய விசயம். மேலே சொன்ன கெல்கிரனும் லோரன்சும் 1952இல் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் முழங்காலை எக்ஸ்ரே எடுத்து, அலுவலகத்தில் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டார்கள். முழந்தாளில் நின்றும் குனிந்தும் வேலை செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்கே முழங்கால் தேய்வு கூடுதலாக இருந்தது. அதன் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் குந்துதல், முழந்தாளிடுதல், பாரம் தூக்குதல் ஆகிய மூன்றையும் குற்றவாளிகளாகக் காட்டியுள்ளன.

நமது வேலையைப் பாருங்கள். கிடுகு பின்னக் குந்துகிறோம். மீன் வெட்டக் குந்துகிறோம். தேங்காயைக் கடகத்தில் தலையில் வைத்து மணலில் நடக்கிறோம். வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் குந்துகிறோம், கக்கூசிலும் குந்துகிறோம். வேலையை விட ஏலாது. ஆனால் செய்யும் விதத்தை மாற்றலாம்.

நாம் செய்யக் கூடியவை

1. குந்துவதைக் குறையுங்கள். கிடுகு பின்னவும், மீன் வெட்டவும், காய் நறுக்கவும் ஒரு சிறிய வாங்கு போதும். தோட்டத்துப் பலகைத் துண்டுகளில் நாமே அடிக்கலாம். கக்கூசில் குந்த முடியாதவர்களுக்கு, நடுவில் ஓட்டை வெட்டிய ஒரு கதிரையை மேலே வைத்துக் கொடுங்கள். வயதான தாய்மாருக்கு இது பெரிய உதவி.

2. பாரத்தைப் பிரியுங்கள். ஒரு நடையில் கொண்டுபோவதை இரண்டு நடையாக்குங்கள். ஒற்றைச் சில்லு வண்டி இருக்கும் இடத்தில் அதைப் பாவியுங்கள். இல்லாத இடத்தில் நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள்.

3. நிறை கூடியவர்கள் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும் என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 454 பேரிடம் பதினெட்டு மாதம் நடந்து 2013இல் வெளிவந்த பரிசோதனையில், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கே நோ கூடுதலாகக் குறைந்தது. அவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் குறியும் குறைந்தது. டின் மாவு செய்யும் என்று சொன்ன வேலையை இது செய்கிறது, செலவில்லாமல். மெலிந்தவர்கள் நிறை குறைக்க வேண்டியதில்லை. அவர்கள் அடுத்ததைக் கவனிக்க வேண்டும்.

4. தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள். தசை பலமாக இருந்தால் பாரத்தை அது தாங்கும், மூட்டுத் தப்பும். கதிரையில் நிமிர்ந்து இருங்கள். ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தரம், காலையும் மாலையும். அது பழகிய பின், கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்பி இருப்பதைப் பத்துத் தரம் செய்யுங்கள். முதல் கிழமை தசை கொஞ்சம் உளையும். பயப்பட வேண்டாம். மூட்டு வீங்கினால் மட்டும் நிறுத்திக் கேளுங்கள். வேலைக்குப் போகிறோம்தானே, பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வேலை மூட்டின் மேல் பாரம் போடுகிறது, பயிற்சி அந்தப் பாரத்தைத் தாங்கும் தசையை வளர்க்கிறது. அளவான பயிற்சியைத் தொடர்ந்து செய்தால், பொறியை அணைக்கும் நமது சொந்த நொதியங்களும் பெருகும்.

5. பொல்லைச் சரியாகப் பிடியுங்கள். நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பொல்லுப் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில்.

6. சாப்பாட்டில் இருந்தே எடுங்கள். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, தேசிக்காய், நெல்லிக்காய் எல்லாம் வளவிலும் சந்தையிலும் உள்ளவை. ஒரு கொய்யாப்பழத்தில் தோடம்பழத்தைவிடப் பல மடங்கு விற்றமின் சி உண்டு. தசைக்குப் புரதம் வேண்டும். சூடை, சாளை போன்ற சிறு மீனும் பருப்பும் முட்டையும் அதைத் தரும். இவை தேய்ந்த மூட்டை முளைக்க வைக்கும் என்று நான் சொல்லவில்லை. உடம்பு தன் காவலைத் தானே வைத்துக்கொள்ள வேண்டிய சத்து இவற்றில் உண்டு.

7. புகைத்தலை விடுங்கள். வெளியில் இருந்து பொறியைக் காசு கொடுத்து உள்ளே இழுப்பது அதுதான்.

8. நோ கூடிய நாளில் சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். எண்ணெய் தடவலாம். இவற்றால் சுகம் கிடைக்கும், தீங்கு இல்லை. மூட்டுச் சூடாக வீங்கியிருந்தால் தேய்க்க வேண்டாம்.

நோக் குளிசையில் அவதானம்

கடையில் பேர் சொல்லி வாங்கும் நோக் குளிசைகள் பலவும் டைக்ளோபினக், இபுபுரோபன் வகையைச் சேர்ந்தவை. அவசரத்துக்குச் சில நாள், டாக்டர் சொன்னபடி, சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது வேறு. மாதக் கணக்காக நாமே வாங்கிப் போடுவது வேறு. இவை வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் உடம்புக்கு ஆபத்து இரட்டிப்பு. வறண்ட பகுதிகளில் சிறுநீரக வருத்தம் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நாம் அறிவோம். பிரஷர், சீனி, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் ஒன்றும் போட வேண்டாம். கடுதாசியில் சுற்றிக் கொடுக்கும் பெயர் இல்லாத குளிசையை எவரும் வாங்க வேண்டாம். மேலே பூசும் நோ மருந்துகளும் உண்டு. முழங்காலுக்கு அது பொருந்துமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

மூட்டுத் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினால், காய்ச்சலும் சேர்ந்து வந்தால், விழுந்த பின் காலை ஊன்ற முடியாவிட்டால், முழங்கால் பூட்டுப் போட்டது மாதிரி நின்றுவிட்டால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால், தாமதிக்க வேண்டாம். விடிய எழும்பிய பின் கைவிரல் மூட்டுகள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டு நோவும் வேறு. உங்களுக்குக் கிட்டடியில் உள்ள அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். மேலும் பார்க்க வேண்டியிருந்தால் அவர்களே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள். மிகவும் முற்றிய தேய்வுக்கு மூட்டு மாற்றும் சத்திர சிகிச்சையும் உண்டு. ஆகவே எவரும் "இனி என் கால் அவ்வளவுதான்" என்று மூலையில் இருக்கத் தேவையில்லை.

நினைவில் வைத்துக்கொள்வோம்

• உடம்பின் துரு உண்மை. அதை ஆய்வுகூடத்தில் அளக்கவும் முடியும்.
• அந்த அளவை வைத்து ஒருவரின் மூட்டுத் தேய்வைத் தீர்மானிக்க முடியாது. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.
• துரு எடுக்கும் மா, குளிசை எதுவும் தேய்ந்த மூட்டை முளைக்க வைத்ததாக நிரூபிக்கப்படவில்லை.
• பாரம் குறைத்தல், தொடைத் தசை, அளவான நிறை, நல்ல சாப்பாடு ஆகியவையே முழங்காலுக்குக் காவல்.

வாசித்த பின் கலந்துரையாடுங்கள்

1. எமது தோட்டத்தில் குந்தி இருந்து செய்யும் வேலைகள் எவை? அவற்றில் எவற்றை வாங்கில் இருந்து செய்யலாம்?
2. பாரம் தூக்குவதைக் குறைக்கத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை எவை?
3. வீட்டுக்கு வந்து மருந்து விற்பவரிடம் நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?
4. வாசிக்கத் தெரியாத அயலவருக்கு இப்பாடத்தை வாசித்துக் காட்டும் பொறுப்பை யார் எடுப்பது?